பழம் கேட்கும் குளிர்



வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. இந்த மண்டபத்து மின்விசிறிகளும் சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த வேளையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குளிர்ச்சியானது. நம் ஊர்ப் பழங்களைக் கொண்டு, நம் வீட்டு அடுக்களையிலேயே, குளிர்ந்த பண்டங்களும் உறைந்த பண்டங்களும் எப்படிச் செய்வது? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் லாரி லாரியாக மாம்பழம் இறங்குகிற மாதம் இது. சாலையோரம் எங்கு பார்த்தாலும் தர்பூசணிக் குவியல். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பன்னீர் திராட்சை வருகிறது. தென் மாவட்டங்களிலிருந்து நுங்கு வருகிறது. இத்தனை பழம் நம்மைச் சுற்றிக் கிடக்கும்போது, கடையில் வாங்கிப் பிள்ளை கையில் கொடுக்கிறோமே ஓர் ஐஸ், அதற்குள் எந்தப் பழம் இருக்கிறது? மாம்பழத்தின் நிறம் இருக்கிறது. மாம்பழத்தின் வாசனை இருக்கிறது. மாம்பழம் எங்கே? உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதை இன்று வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். பல உறைகளில் பழத்தின் பெயருக்கு முன்னால் தண்ணீரும் சர்க்கரையும் நிறமியும் வரிசையில் நிற்கும்.

மாம்பழம் விளையாத குளிர்நாட்டுக்காரர் நிறத்தையும் வாசனையையும் கரைத்துக் குடித்தால் அது அவர் தலைவிதி. நமக்கு என்ன வந்தது? நம்மிடம் பழம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் ஃப்ரிட்ஜும் வந்துவிட்டது. ஒவ்வொரு பழமும் எந்த விதமான குளிரைக் கேட்கிறது என்ற அறிவு ஒன்றுதான் குறை. எல்லாப் பழத்துக்கும் ஒரே குளிர் பொருந்தாது. மாம்பழம் கேட்பது ஒன்று, தர்பூசணி கேட்பது ஒன்று, நுங்கு கேட்பது இன்னொன்று. அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டால், நம் வீட்டில் செய்கிற ஐஸ் எந்தக் கடை ஐஸையும் வென்றுவிடும். உறுதியாகச் சொல்கிறேன், வென்றுவிடும்.

உறைவது என்றால் என்ன? இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம். குச்சி ஐஸ் போதும். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, மூடியைத் தட்டிக்கொண்டு வருவாரே, அவரிடம் வாங்கிய சிவப்புக் குச்சி ஐஸ். அதைக் கடிக்காமல் பலமாக உறிஞ்சினால் என்ன ஆகும்? சொல்லுங்கள் குழந்தைகளே! நிறமும் இனிப்பும் சடக்கென்று வாய்க்குள் வந்துவிடும். கையில் வெறும் வெள்ளைக் கட்டி நிற்கும். இதை அனுபவிக்காத பிள்ளை இந்த நாட்டில் உண்டா?

ஏன் அப்படி? சர்க்கரைத் தண்ணீர் உறையும்போது எல்லாம் ஒன்றாக உறைவதில்லை. தண்ணீர் முதலில் தனியே பிரிந்து படிகமாகிறது. சர்க்கரையும் நிறமும் மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீருக்குள் ஒதுங்கி, கெட்டிப் பாகாகி, படிகங்களின் இடுக்கில் உறையாமல் நிற்கின்றன. நீங்கள் உறிஞ்சுவது அந்தப் பாகை. மிஞ்சுவது தண்ணீர்க் கட்டி.

இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழ ஐஸின் ரகசியம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. இனிப்பு குறைவாக இருந்தால் பாகும் குறைவு, பனிப்படிகம் அதிகம்; கட்டி பாறையாகிவிடும். இனிப்பு அளவுக்கு மீறினால் பாகு அதிகம். எத்தனை மணி நேரம் வைத்தாலும் கூழாகவே கிடக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. பழத்தின் சொந்தச் சர்க்கரை, நாம் சேர்க்கிற சர்க்கரை இரண்டும் சேர்ந்து கலவையின் எடையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை இருந்தால், கரண்டியில் எடுக்கிற பதத்தில் உறையும். சர்க்கரை நாக்குக்கு மட்டுமல்ல, பதத்துக்கும் வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. குளிரில் நாக்கு மந்தமாகிறது. இனிப்பும் மணமும் பாதிதான் தெரியும். அதனால் உறைய வைக்கும் முன் ருசி பார்க்கும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலாக, புளிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அப்போது ‘திகட்டுகிறதே’ என்று தோன்றினால், உறைந்த பிறகு சரியாக இருக்கும்.

சாறு மாதிரியான கலவைக்குப் பழைய கைமுறை ஒன்று இருக்கிறது. நன்றாகக் கழுவிய புது முட்டையை ஓட்டோடு சாற்றில் விடுங்கள். வெறும் தண்ணீரில் அது மூழ்கும். சர்க்கரை சேர்க்கச் சேர்க்க மேலே வரும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் பதம் வந்துவிட்டது, சர்க்கரையை நிறுத்தலாம். முட்டை புழங்காத வீட்டில் நாக்கே அளவுகோல்.

குளிர் நமக்குப் புதிதா? இல்லை. அக்பர் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் குடிநீர்க் குடத்தைச் சுழற்றிக் குளிரவைத்ததை அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அது அரசர்களின் குளிர். நம் சென்னைக்குக் கட்டி ஐஸ் வந்த கதை இன்னும் வியப்பானது. மெரினா கடற்கரை எதிரே வட்டமாக ஒரு கட்டடம் நிற்கிறதே, விவேகானந்தர் இல்லம், அந்த வட்டாரத்தை ஏன் ஐஸ் ஹவுஸ் என்கிறோம்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும். அந்த உறைநீரை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர். 1833-இல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு 180 டன்னோடு புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். போய்ச் சேரும்போது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது! சென்னையில் அந்த ஐஸை வைக்க 1842-இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பிறகு உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் கப்பல் ஐஸ் நின்றது. கட்டடம் கைமாறியது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார்.

ஏன் இதைச் சொல்கிறேன்? உலகத்தின் மறுபக்கத்திலிருந்து கடல் கடந்து வந்த குளிர் அன்று வெள்ளைக்காரத் துரைமார் மேசைக்குத்தான் போனது. மாந்தோப்புக்குக் காவல் இருந்தவர் கைக்கு அது வரவில்லை. இன்று அவர் பேரன் வீட்டில் ஃப்ரீசர் இருக்கிறது. அதில் அவர் தோப்பு மாம்பழம் உறைய வேண்டாமா?

ஃப்ரீசர் இல்லாத வீட்டாரும் கவலைப்பட வேண்டாம். கரண்ட் இல்லாமலே உறைய வைக்கலாம். உடைத்த ஐஸ்கட்டி மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. வாளியில் இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் எவர்சில்வர் தூக்கில் பழக் கூழை இறுக மூடி வையுங்கள். உப்புப் பட்டதும் ஐஸ் வேகமாகக் கரையும். கரைவதற்கு அதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் நீராக மாற 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை எங்கிருந்து எடுக்கும்? உங்கள் தூக்கிலிருந்துதான் எடுக்கும். ஐஸும் உப்பும் சரியான அளவில் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை கூட இறங்கலாம். குல்ஃபிக்காரர் பானைக்குள் தகரக் கூம்புகளைச் செருகி வைப்பது இந்த முறையில்தான். அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-இல் காப்புரிமை வாங்கிய கைச்சுற்று ஐஸ்கிரீம் வாளியும் இந்த உப்பையும் ஐஸையும் நம்பியதுதான். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, தூக்கைத் திருப்பித் திருப்பி ஆட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ளுங்கள். ஒரு துளி உப்புநீரும் உள்ளே போகாதபடி மூடியைத் துடைத்துவிட்டுத் திறப்பது முக்கியம்.

இனி பழத்துக்கு வருவோம். எந்தப் பழத்தில் தொடங்க? இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மாம்பழம்!

மாம்பழத்தின் சதையே உறைவதற்கென்று படைத்தது போலிருக்கும். சர்க்கரை நூற்றுக்குப் பதினான்கு பங்கு போல அதிலேயே இருக்கிறது. பெக்டின் இருக்கிறது, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பெரிய படிகம் வளர விடாது. ஆனால் எந்த மாம்பழம்? இமாம் பசந்தையும் நல்ல மல்கோவாவையும் தயவுசெய்து உறைய வைக்காதீர்கள். அவற்றை நறுக்கி, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு, அப்படியே சாப்பிடுங்கள். குளிரில் மணம் அடங்கிப்போகும் என்று சொன்னேன் அல்லவா? மென்மையான மணத்தை ஏன் அடக்க வேண்டும்? உறைவதற்கு என் தேர்வு பங்கனப்பள்ளி. அதற்கும் மேலே நீலம். நீலம் சின்னப் பழம், மலிவான பழம், பருவத்தின் கடைசியில் வருகிற பழம். அதன் மணத்தை எந்தக் குளிரும் அடக்க முடியாது.

தோல் சீவுங்கள். சதையை மிக்ஸியில் அடியுங்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள். பால் சேர்க்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், தண்ணீர் சேர்க்காதீர்கள்! நார் இருந்தால் வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். ஒரு கிலோ கூழுக்கு 150 கிராம் சர்க்கரை, ஓர் எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஆழமான பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். பரந்த எவர்சில்வர் தட்டு போதும். உலோகம் குளிரை விரைவாகக் கடத்தும், கூழ் சீக்கிரம் உறையும், படிகம் சின்னதாக இருக்கும். ஓரம் உறைந்து நடு இன்னும் குழைவாக இருக்கும்போது வெளியே எடுத்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, மறுபடி வையுங்கள். இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் படிகம் உடைகிறது, கொஞ்சம் காற்று ஏறுகிறது. பிறகு மூடி போட்டு இரவு முழுவதும் விடலாம். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மணம் எழுந்து வரும்.

இதே முறையைத் தர்பூசணிக்குச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். மாம்பழப் பதத்துக்கு அதைக் கொண்டுவர, ஒரு கிலோ சாற்றுக்கு ஏறக்குறைய கால் கிலோ சர்க்கரை கொட்ட வேண்டும். கொட்டினால் அது தர்பூசணியாக இருக்குமா? இருக்காது. அது படிகமாக உறைய விரும்புகிற பழம். படிகமாகவே உறையட்டும்! சாறு எடுத்து, எலுமிச்சை பிழிந்து, துளி இஞ்சிச் சாறு விட்டு, இரண்டு மூன்று கரண்டிச் சர்க்கரையோடு தட்டில் ஊற்றி வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறிச் சுரண்டிவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் சிவப்புப் பனித்தூள் கிடைக்கும். டம்ளரில் அள்ளி உடனே கொடுக்க வேண்டியதுதான். முலாம்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் இந்த வழிதான் சரி. சர்க்கரை குறைத்துச் சாப்பிட வேண்டிய பெரியவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வாழைப்பழம் இதற்கு நேர் எதிர். அதற்கு எதுவுமே வேண்டாம்! தோலில் கரும்புள்ளி விழுந்து, வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் பழத்தை எடுங்கள். செவ்வாழையானால் மிகவும் நல்லது. தோலை முதலிலேயே உரித்துவிடுங்கள். உறைந்த பிறகு உரிக்க முடியாது. வில்லை வில்லையாக நறுக்கி இரவு முழுவதும் உறைய வைத்து, காலையில் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். முதலில் பொடிப்பொடியாகத் தெறிக்கும். ‘வீணாகிவிட்டதே’ என்று நிறுத்திவிடாதீர்கள். பக்கவாட்டில் வழித்துவிட்டு இன்னும் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் திடீரென்று திரண்டு, பாலேடு கலந்ததுபோல் வழவழவென்று வரும். பால் இல்லை, சர்க்கரை இல்லை, பழம் மட்டும்தான். சப்போட்டாவும் சீதாப்பழமும் இதே குணம் கொண்டவை. சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால் சிறிது சேர்ந்தால் அவை இன்னும் மேலே போகும்.

அன்னாசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சை அன்னாசிச் சாற்றைப் பாலில் கலந்து வைத்தால் கசக்கும். ஜெலட்டினில் கலந்தால் உறையவே உறையாது. அன்னாசியில் இருக்கும் புரோமலின் என்ற நொதி புரதத்தை அறுத்துவிடுகிறது. பப்பாளியில் பப்பாயின் என்று ஒன்று, அதுவும் இதே வேலை செய்யும். சில நிமிடம் கொதிக்க வைத்தால் இந்த நொதிகள் அடங்கிவிடும். கொதிக்க வைக்காமலே செய்ய ஒரு வழி நம் கடலில் இருக்கிறது. கடல்பாசி! சைனா கிராஸ் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து வருகிறார்கள். அப்படிப்பட்ட பாசியிலிருந்து எடுப்பதுதான் இந்த அகர். அகர் புரதம் அல்ல. அதனால் அன்னாசியின் நொதி அதை ஒன்றும் செய்யாது. ஜெலட்டின் ஜெல்லி நம் வெயிலில் தட்டிலேயே உருகி ஓடும். அகர் ஜெல்லி உருக 85 டிகிரி வேண்டும்! நம் ஊர் வெயிலுக்குப் பயப்படாத ஜெல்லி அது. லிட்டருக்கு 10 கிராம் பாசி போதும். தண்ணீரில் தனியாகக் கொதிக்கவிட்டுக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் சாற்றைச் சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் பாசியின் பிடிப்பு குறைந்துவிடும். அதைச் சதுரமாக வெட்டிக் குளிரவைத்து, ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். போடும்போது கடலில் மூழ்கிய அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பன்னீர் திராட்சையில் கொட்டை இருக்கும். மிக்ஸியில் அரைத்தால் கொட்டை உடைந்து துவர்க்கும். கையால் பிசைந்து வடிகட்டுங்கள். அந்தக் கருஞ்சிவப்புச் சாறு குச்சி ஐஸுக்கென்றே பிறந்தது. விதையில்லாத திராட்சையை முழுதாகவே உறைய வைத்துக் கொறிக்கலாம். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

ராமநவமிக்குப் பானகம் கரைக்கிறோம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். அதையே கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக் குச்சி செருகி உறைய வைத்திருக்கிறீர்களா? இந்த ஆண்டு செய்து பாருங்கள்.

நுங்கை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அதன் சதைக்குள் இருக்கும் தண்ணீர் படிகமாகி உள்ளிருந்தே அதைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் தொளதொளவென்று துவண்டுபோகும். நுங்கு கேட்பது உறைவை அல்ல, சில்லிப்பை. பானைத் தண்ணீரின் சில்லிப்பே அதற்குப் போதும். துவர்ப்புக்காகத் தோலில் கொஞ்சம் விட்டு உரித்து, கையால் பிட்டுப் போட்டு, மேலே பதநீரோ இளநீரோ ஊற்றிக் கொடுங்கள். நம் மாநில மரம் பனை. அதன் நுங்குக்கும் அதன் பதநீருக்கும் இடையில் வேறு எந்த எசென்ஸும் நுழைய வேண்டியதில்லை.

தாய்மார்களே, ஒன்றை மறக்காதீர்கள். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறோம். சாகாது, தூங்கும். ஐஸ் உருகியதும் எழுந்துகொள்ளும். கொதித்து ஆறிய தண்ணீர், ஓடுகிற நீரில் கழுவிய பழம், கழுவிய கை, மூடிய பாத்திரம் என எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். உப்பு வாளிக்குக் கடையில் வாங்கிய கட்டி ஐஸ் போதும், அது பண்டத்தைத் தொடாது. டம்ளருக்குள் போடுகிற ஐஸ் வீட்டில் உறைந்ததாக இருக்கட்டும். சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. ஜூஸ் கடையில் நீலக் கட்டியைக் கண்டால் பேசாமல் வந்துவிடாதீர்கள், கேளுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதையும் சட்டம் தடை செய்திருக்கிறது. வெளியே மஞ்சளாக மின்னி, உள்ளே மணமே இல்லாத பழத்தை எவ்வளவு உறைய வைத்தாலும் அதற்கு உயிர் வராது.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். ஆனி பிறந்ததும் சந்தையில் நீலம் குவியும், விலை இறங்கும். அப்போது ஒரு கூடை வாங்குங்கள். கூழாக்கி, எலுமிச்சை பிழிந்து, சின்னச் சின்ன டப்பாக்களில், மூடி வரை நிரப்பாமல் ஒரு விரல் இடம் விட்டு உறைய வையுங்கள். உறையும்போது கூழ் விரியும். டப்பா மேல் தேதி எழுதுங்கள். ஆடியில் மாமரம் ஓய்ந்துவிடும், நாவல் மரம் உதிர்க்கத் தொடங்கும். நாவலுக்குச் சர்க்கரை கூடுதலாக வேண்டும், உப்பும் ஒரு சிட்டிகை கூடுதலாக வேண்டும். கொட்டையை நீக்கிவிட்டு, மாம்பழத்துக்குச் சொன்ன அதே தட்டு, அதே இரண்டு சுற்று. ஒரு கரண்டி நீலம், பக்கத்தில் ஒரு கரண்டி நாவல் என்று ஒரே கிண்ணத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.